செங்கல்லை எடு, கல்லை வை: கோயில்கள் கற்றளி ஆன கதை

சிங்கம்புணரியிலிருந்து பேசுறேன். இன்னைக்கு நாம பேசப்போறது வரலாறுதான். ஆனா தொடங்குறது ஒரு வீடியோ கேம்ல இருந்து.

நம்ம ஊர்ப் பிள்ளைங்க கையில போனைக் கொடுத்தா பாதிப்பேர் மைன்கிராஃப்ட்டுக்குள்ள போயிடுறாங்க. எல்லாமே கட்டி கட்டியா, சதுரமா இருக்கும். மண் ஒரு கட்டி, கல் ஒரு கட்டி, மரம் ஒரு கட்டி. அதை அடுக்கி வீடு கட்டலாம், கோட்டை கட்டலாம். ஸ்வீடனைச் சேர்ந்த மார்க்கஸ் பெர்சன் 2009-ல வெளியிட்ட விளையாட்டு. 2014-ல மைக்ரோசாஃப்ட் 250 கோடி டாலருக்கு வாங்குச்சு. 2023-ல விற்பனை 30 கோடி பிரதிகளைத் தாண்டிருச்சு.

இதுல நமக்கு வேண்டியது ஒரே ஒரு விஷயம். நீங்க மரப்படி வெச்சு ஒரு மாளிகை கட்டிட்டீங்க. நூறு படி. சில படி கிழக்கே பார்க்குது, சிலது மேற்கே, சிலது தலைகீழா கூரைக்கு முட்டு கொடுத்து நிக்குது. இப்ப மரம் வேண்டாம், எல்லாத்தையும் கல்படியா மாத்தணும்னு தோணுது. ஒவ்வொண்ணா உடைச்சு மாத்த வேண்டியதில்லை, ஒரே கட்டளையில மொத்தத்தையும் மாத்தலாம். ஆனா அந்தக் கட்டளையைச் சாதாரணமாப் போட்டா என்ன ஆகும் தெரியுமா? மரம் கல்லாயிடும், சரி. நூறு படியும் ஒரே திசையைப் பார்த்துத் திரும்பிக்கும், வடக்குப் பக்கமா. ஏன்னா அந்தக் கட்டளைக்குப் பொருள் என்னங்கிறது மட்டும்தான் தெரியும். பழைய கட்டி எந்தப் பக்கம் பார்த்துச்சுன்னு அது கேட்கவே இல்லை. பொருளை மட்டும் மாத்து, திசையை அப்படியே வைன்னு சொல்றதுக்கு வேர்ல்ட் எடிட்னு ஒரு கருவியில வழி இருக்கு. அதுல ஒரு சின்னக் குறியைச் சேர்த்துப் போட்டா பழைய திசை போகாது.

இன்னொரு நுணுக்கமும் இருக்கு. இந்த விளையாட்டுல எல்லாக் கட்டிக்கும் திசை கிடையாது. வெறும் கல் கட்டியை எப்படித் திருப்பினாலும் ஒண்ணுதான். மரத்தடிக்கு மூணு கிடை உண்டு: நிக்கும், கிழமேலாப் படுக்கும், தென்வடலாப் படுக்கும். படிக்கு நாலு திசை, அதுல நேரா தலைகீழான்னு இன்னும் ரெண்டு. பழைய பதிப்புகள்ல ஒரு கட்டியோட இந்தத் துணைத் தகவலுக்குக் கணினியில ஒதுக்கினது வெறும் 16 எண்தான். அதுக்குள்ளயே நாலு வகை மரமும் அடங்கணும், அது கிடக்குற கிடையும் அடங்கணும். இடம் நிரம்பிப் போச்சு. அதனால 2013-ல புது மரம் ரெண்டு சேர்த்தப்போ தனி எண் கொடுக்க வேண்டியதாச்சு. 2018-ல அந்த முறையையே தூக்கிட்டு, ஒவ்வொண்ணுக்கும் பேர் வெச்சு எழுதுற முறைக்கு மாறினாங்க.

சரி, கேம் கதை போதும். இதே கேள்வி ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி காவிரிக்கரையில ஒரு ராணிக்கு வந்துச்சு. அவங்களுக்கு அப்புறம் ராஜராஜ சோழனுக்கு வந்துச்சு. நூத்தம்பது வருஷம் முன்னாடி நம்ம பக்கத்து நகரத்தாருக்கு வந்துச்சு. போன வருஷம் திருப்பணி நடந்த ஏதாவது ஒரு ஊர்க் கமிட்டிக்கும் கண்டிப்பா வந்திருக்கும். ஒரு கோயில்ல பழைய கட்டுமானத்தை எடுத்துட்டு புதுசு வைக்கும்போது எது மாறலாம், எது மாறக்கூடாது?

முதல்ல பொருளைப் பத்திப் பேசுவோம். விழுப்புரம் பக்கத்துல மண்டகப்பட்டுன்னு ஒரு ஊர். அங்க ஒரு குன்றைக் குடைஞ்சு முதலாம் மகேந்திரவர்ம பல்லவன் ஒரு குடைவரை செஞ்சான். ஏழாம் நூற்றாண்டின் தொடக்கம். அங்க இருக்கிற சின்ன வடமொழிக் கல்வெட்டுல அவன் பெருமைப்பட்டுச் சொல்றது என்னன்னா, செங்கல் இல்லாம, மரம் இல்லாம, உலோகம் இல்லாம, சுண்ணாம்பு இல்லாம பிரமன், ஈசன், திருமால் மூணு பேருக்கும் இந்தக் கோயிலைச் செய்வித்தேன்ங்கிறான். எனக்கு இந்தக் கல்வெட்டு ரொம்பப் பிடிக்கும். எதை வெச்சுக் கட்டினேன்னு சொல்லாம, எதெல்லாம் இல்லாமக் கட்டினேன்னு பட்டியல் போடுறான் பாருங்க. அதுலயே அதுவரைக்கும் கோயில்கள் எதுனால இருந்துச்சுன்னு நமக்குத் தெரிஞ்சுடுது. செங்கல் சுவர், மரச்சட்டம், இரும்பு ஆணி, சுண்ணாம்புக் காரை.

குடைவரைங்கிறது கட்டுறது இல்லை, தோண்டுறது. நம்ம பிள்ளையார்பட்டி, குன்றக்குடி, திருமயம் எல்லாம் அந்த வகை. அதுல கல்லை மாத்துற பேச்சே கிடையாது. மலையோட மலையா இருக்கு. கட்டுமானக் கோயிலுக்குத்தான் இந்தத் தொல்லை.

சோழ நாட்டுக் காவிரிப் படுகையில பாறை கிடையாது. வண்டல் மண். அங்க மண்ணைச் சுட்டுச் செங்கல்லாக் கட்டுறதுதான் இயல்பு. ஆனா செங்கல் கோயிலுக்கு ஆயுசு குறைவு. ஓர் ஆலம் விதை விழுந்து வேர் விட்டா போதும், சுவர் பிளந்துடும். ஒன்பதாம் நூற்றாண்டுக் கடைசியில முதலாம் ஆதித்தன் காலத்துல இருந்து காவிரிக்கரையில கல் கோயில்கள் எழும்புது. கல்லால ஆன தளி, அதாவது கோயில், அதுதான் கற்றளி. தொலைவுல இருந்து கல்லைக் கொண்டுவந்து அடுக்கின கோயில்.

இந்த வேலையை ஒரு இயக்கம் மாதிரி செஞ்சவங்கன்னா செம்பியன் மாதேவிதான். கண்டராதித்த சோழனோட மனைவி, உத்தம சோழனோட தாய். கணவர் இறந்தது 957 வாக்குல. அதுக்கப்புறம் இந்த அம்மா நாற்பது வருஷத்துக்கு மேல வாழ்ந்திருக்காங்க. மகன் ஆட்சியிலயும், அதுக்கப்புறம் ராஜராஜன் ஆட்சியிலயும் கோயில் கோயிலாப் போய்ச் செங்கல்லை எடுத்துட்டுக் கல்லை வெச்சாங்க. கோனேரிராஜபுரம், அந்தக் காலத்துப் பேர் திருநல்லம், அதைக் கணவர் பேரால கல்லாக் கட்டினாங்க. அங்க கண்டராதித்தர் லிங்கத்தை வழிபடுற மாதிரி ஒரு சிற்பம் இருக்கு. கீழேயே கல்வெட்டும் இருக்கு. அந்தக் கட்டுமானத்தை முன்னின்று செய்வித்த சாத்தன் குணபத்தன்கிறவரையும் பேர் சொல்லிச் சிற்பமா வெச்சிருக்காங்க. குத்தாலம், ஆடுதுறை, விருத்தாசலம், திருவாரூர் அரநெறின்னு பட்டியல் நீளும்.

இதுல எனக்குப் பெரிசாத் தெரியுறது கட்டினது இல்லைங்க. திருக்கோடிக்காவல்ல அவங்க செஞ்ச ஒரு காரியம். கஞ்சனூர் பக்கத்துல, காவிரிக்கு வடகரையில இருக்கு அந்த ஊர். அங்க பழைய கற்கள்ல பல்லவர் காலத்து தானக் கல்வெட்டுகள் இருந்திருக்கு. விளக்கு எரிக்கப் பொன் கொடுத்தது, நிலம் விட்டது, இந்த மாதிரி. கோயிலைப் புதுசாக் கல்லால எடுக்கும்போது அந்தப் பழைய எழுத்தையெல்லாம் புதுச் சுவர்ல திரும்ப வெட்டச் சொல்லியிருக்காங்க. வெட்டினது மட்டும் இல்ல, இது பழைய கல்லுல இருந்ததோட படின்னு ஒரு குறிப்பையும் சேர்த்தே வெட்டியிருக்காங்க. ஜெராக்ஸ் எடுத்து மேல நகல்னு முத்திரை குத்துற மாதிரி. பத்தாம் நூற்றாண்டுல!

அந்தக் குறிப்பு இல்லேன்னா என்ன ஆகியிருக்கும்னு யோசிங்க. நிருபதுங்க பல்லவனோட ஆட்சியாண்டு போட்ட ஒரு கல்வெட்டு, ஆனா எழுத்து பத்தாம் நூற்றாண்டுச் சோழர் எழுத்து. படிக்கிறவன் தலையைப் பிச்சுக்குவான். போலின்னு கூடச் சொல்லிடுவான். எழுத்தோட வடிவத்தை வெச்சுத்தான் கல்வெட்டு அறிஞர்கள் காலத்தைக் கணிக்கிறாங்க. நகல் எடுக்கும்போது வாசகம் தப்பிக்கும், எழுத்தோட வயசு போயிடும். அதை ஒரு வரிக் குறிப்பால ஈடு கட்டியிருக்காங்க அந்த அம்மா.

அடுத்தது ராஜராஜன். அரியலூர் மாவட்டத்துல, கொள்ளிடத்தோட வடகரையில திருமழபாடி. அங்க வைத்தியநாத சுவாமி கோயில். தன்னோட 28-ம் ஆட்சியாண்டுல, அதாவது 1013-ஐ ஒட்டி, அந்தக் கோயில் விமானத்தை இடிச்சுட்டுக் கல்லாலக் கட்டச் சொல்லி ராஜராஜன் உத்தரவு போடுறான். அந்த உத்தரவுலயே ஒரு நிபந்தனை. இடிக்கிறதுக்கு முன்னாடி சுவர்ல இருக்கிற கல்வெட்டையெல்லாம் புத்தகத்துல படி எடுத்து வைக்கணும். புத்தகம்னா அந்தக் காலத்துக்கு ஓலைச்சுவடின்னு வெச்சுக்கலாம்.

படி எடுத்தாச்சு. இடிச்சாச்சு. ராஜராஜன் போய்ச் சேர்ந்தாச்சு. மகன் ராஜேந்திரனோட 14-ம் ஆட்சியாண்டுல, 1026 வாக்குல, அந்தச் சுவடியில இருந்ததைப் புதுக் கற்சுவர்ல வெட்டுறாங்க. நடுவுல பதிமூணு வருஷம் ஓடிப்போச்சு! இந்தப் பதிமூணு வருஷமும் அந்தக் கோயிலோட மொத்த நினைவும், யார் எவ்வளவு நிலம் கொடுத்தாங்க, எந்த ஊர்ச்சபை எந்த விளக்குக்குப் பொறுப்பு, எல்லாமே ஒரு ஓலைக்கட்டுல இருந்திருக்கு. கரையான் அரிச்சிருந்தா முடிஞ்சது கதை. எவனோ ஒரு எழுத்தன் அதைப் பத்திரமா வெச்சிருந்திருக்கான். மறுபடி எடுத்துக் கொடுத்திருக்கான். அவன் யாருன்னு ஒரு சிலை வெச்சிருந்தா நான் போய்க் கும்பிட்டுட்டு வருவேன்.

இங்க கேம் விஷயத்தைக் கொஞ்சம் திரும்பப் பிடிச்சுக்குவோம். வெறும் கருங்கல்லுக்குத் திசை கிடையாது. புரட்டிப் போட்டாலும் கருங்கல்தான். ஆனா அதுல ஒரு வரி எழுத்து வெட்டின உடனே அந்தக் கல்லுக்கு மேல், கீழ், இடம், வலம் வந்துடுது. அதைவிட முக்கியம், பக்கத்துக் கல் யாருங்கிறதும் வந்துடுது. ஏன்னா நம்ம கோயில்கள்ல ஒரு கல்வெட்டு ஒரு கல்லோட முடியாது. அதிட்டானத்துல ஜகதி, குமுதம், பட்டிகைன்னு வரிசை வரிசையாப் போகும் இல்லையா, அந்த வரிசையை ஒட்டியே ஒரு வரி தென்சுவர்ல தொடங்கி, மேற்குச் சுவரைச் சுத்தி, வடசுவர் வரைக்கும் ஓடும். பத்து, இருபது கல்லைத் தாண்டும். ஒரு கல்லை எடுத்து வேற இடத்துல வெச்சா, அந்தக் கல் கெடுறது மட்டும் இல்லை, அதுக்கு ரெண்டு பக்கமும் இருக்கிற கல்லும் அரைகுறை ஆயிடும்.

மேல போறதுக்கு முன்னாடி ஒரு சின்ன விலகல். எல்லாப் பொருளும் நிலைச்சு நிக்கணும்னு நம்மாட்கள் நினைச்சதே இல்லை. எங்க ஊர் சேவுகப்பெருமாள் அய்யனார் கோயில் புரவி எடுப்பைப் பாருங்க. பிடிமண் கொடுத்து, வேளார்கள் மண்குதிரை செஞ்சு, சூளையில சுட்டு, ஊர் கூடித் தூக்கிட்டுப் போய் வைக்கிறாங்க. பழைய குதிரை வெயில்லயும் மழையிலயும் கரைஞ்சு உடைஞ்சு போகும். போகட்டும். அடுத்த எடுப்புக்குப் புதுக் குதிரை வரும். அங்க மாத்துறதுதான் மரபு. ஒரு தடவை சிமெண்ட்ல செஞ்சு வெச்சுட்டா வேளாருக்கும் வேலை இல்லை, எடுப்புக்கும் அர்த்தம் இல்லை. சில ஊர்கள்ல சிமெண்ட் குதிரை வந்தாச்சு. எனக்கு அது உவப்பா இல்லை. மண் இருக்கிற இடத்துல மண்ணு இருக்கணும், கல் இருக்கிற இடத்துல கல்லு இருக்கணும்.

சரி, இதுவரைக்கும் செங்கல் கல்லான கதை. தலைகீழாவும் நடந்திருக்கு. கங்கைகொண்ட சோழபுரம். ராஜேந்திரன் கட்டின தலைநகரம். 1836-ல ஆங்கிலேய அரசு கொள்ளிடத்துல கீழணை கட்டுது. கல் வேணும். பக்கத்துல ரெடியா வெட்டி அடுக்கின கல் எங்க இருக்குன்னு பார்த்தாங்க. கோயிலோட திருச்சுற்று மதில்! பிரிச்சு எடுத்துட்டாங்க. ஊர் மக்கள் கெஞ்சிப் பார்த்தும் நிறுத்தலை. கல்மதிலுக்குப் பதிலாச் செங்கல் மதில் கட்டித் தர்றோம்னு ஒரு வாக்குறுதி மட்டும் கொடுத்தாங்க. அந்த வாக்குறுதியும் நிறைவேறலைன்னு அந்த நூற்றாண்டுலயே பதிவு பண்ணி வெச்சிருக்காங்க. அணை விவசாயத்துக்கு வேண்டியதுதான், நான் மறுக்கலை. ஆனா மதில்ல என்ன எழுதியிருந்துச்சுன்னு யாராவது ஒருத்தர் ஓலையில படி எடுத்திருந்தா? ராஜராஜன் காலத்துல தோணின புத்தி எண்ணூறு வருஷம் கழிச்சு வந்தவங்களுக்குத் தோணலை.

இப்ப நம்ம வீட்டுக்கே வருவோம். நகரத்தார் திருப்பணிகள். இதைப் பேசும்போது கொஞ்சம் நிதானமாப் பேசணும். 19-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில இருந்து 20-ம் நூற்றாண்டின் முன்பகுதி வரைக்கும், பர்மாவிலயும் இலங்கையிலயும் மலேயாவிலயும் சம்பாதிச்ச பணத்துல நகரத்தார் எடுத்துக் கட்டின கோயில்களுக்குக் கணக்கே கிடையாது. இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, நேமம்னு அவங்களோட ஒன்பது நகரக் கோயில்கள் மட்டும் இல்லை. மதுரை மீனாட்சி அம்மன் கோயில் திருப்பணியில வயிநாகரம் குடும்பத்தாரோட பங்கு ஊருக்கே தெரியும். சோழ நாட்டுல பாழாக் கிடந்த பாடல் பெற்ற தலங்கள் எத்தனையோ இன்னைக்கு விளக்கெரியுதுன்னா அதுக்கு அவங்கதான் காரணம். அன்னைக்கு அவங்க கை வைக்கலேன்னா, பல கோயில் இப்ப ஒரு செங்கல் மேடாத்தான் இருக்கும்.

ஆனா அந்தத் திருப்பணிகள்ல இன்னொண்ணும் நடந்துச்சு. பழைய சோழர் காலக் கருவறையைப் பிரிச்சுட்டு, முழுசாப் புதுக் கருங்கல்லால, நல்லா இழைச்சு, வழுவழுன்னு கட்டினாங்க. வேலைப்பாடு அபாரமா இருக்கும், குறையே சொல்ல முடியாது. பழைய கல் என்னாச்சு? சிலது தளத்துல பாவப்பட்டுச்சு, சிலது மதில்ல போச்சு, சிலது குளத்துப் படியாச்சு. எழுத்து இருக்கிற பக்கம் உள்ளே போனா சுவர் வெளியே வழுவழுப்பா இருக்கும், அதனால அப்படியே திருப்பி வெச்சவங்களும் உண்டு. கொத்தனாரைக் குத்தம் சொல்லி என்ன பண்ண? அவருக்குக் கொடுத்த கட்டளை கல் வேணும்ங்கிறது மட்டும்தான். எந்தத் திசைன்னு யாரும் சொல்லலை. நான் தொடக்கத்துல சொன்ன அந்தப் படிக்கட்டுக் கதை மாதிரியே.

இதுல காலம்தான் ரொம்பக் கொடுமை. சரியா அதே சமயத்துலதான், 1886-ல, ஹுல்ஷ்னு ஒரு ஜெர்மானிய அறிஞரை அரசு கல்வெட்டு ஆய்வாளரா நியமிக்குது. தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதி 1890-ல வெளியாகுது. ஒரு பக்கம் இவங்க ஊர் ஊராப் போய் மைப்படி எடுக்குறாங்க. இன்னொரு பக்கம் திருப்பணி வேகமா நடக்குது. யார் முதல்ல ஒரு கோயிலுக்குப் போய்ச் சேர்றாங்கங்கிறதைப் பொறுத்து அந்தக் கோயிலோட வரலாறு தப்பிச்சது, இல்லேன்னா போச்சு. மைப்படி எடுத்த பிறகு இடிஞ்ச சுவர்களோட வாசகம் இன்னைக்கும் அச்சுல இருக்கு. சுவர் இல்லை, வாசகம் இருக்கு.

மைப்படின்னா என்னன்னு கேட்ட நேயர்களுக்காகச் சுருக்கமா: கல்லை நல்லாத் தேய்ச்சுக் கழுவிட்டு, ஈரக் காகிதத்தை ஒட்டி, கெட்டியான மயிர்த் தூரிகையால அடிப்பாங்க. எழுத்துப் பள்ளத்துக்குள்ள காகிதம் இறங்கிடும். மேல மை ஒத்தினா மேடு கறுப்பாகும், பள்ளம் வெள்ளையா நிக்கும். எழுத்து வெள்ளையாத் தெரியும். கல்லுக்கு ஒரு சேதமும் இல்லை. இப்படி எடுத்த காகிதங்கள் பெரும்பாலும் மைசூர்ல இருந்த மத்தியக் கல்வெட்டுத் துறைக்குத்தான் போச்சு. அது ஒரு தனி எபிசோட்.

இடம் மாறின கல்லை எப்படிப் படிக்கிறாங்கங்கிறது ஒரு துப்பறியும் வேலை. ஆண்டறிக்கைகளைப் புரட்டினா அடிக்கடி வர்ற விவரணைகள்: சுவர்ல தலைகீழா இருக்கு, தொடக்கம் கட்டுமானத்துல மறைஞ்சிருக்கு, துண்டுக்கல், வரிசை கலைஞ்சிருக்கு. முதல்ல கல்லோட உயரத்தைப் பார்ப்பாங்க. ஒரே வரிசையில இருந்த கல்லெல்லாம் ஒரே உயரம் இருக்கும். அடுத்து வரிகளுக்கு நடுவுல இருக்கிற இடைவெளி. அப்புறம் எழுத்தோட கை. ஒரே கல்தச்சன் வெட்டினதா, வேற கையான்னு. கடைசியா வாசகம். ஒரு கல்லுல மெய்க்கீர்த்தி பாதியில நிக்கும். இன்னொரு கல்லுல நிலத்துக்கு எல்லை சொல்லி, கிழக்கு எல்லையும் தென் எல்லையும் மட்டும் இருக்கும். மீதி ரெண்டு எல்லை வேற எங்கேயோ ஒரு படிக்கட்டுல, தேய்ஞ்சு, மனுசக் காலடியில கிடக்கும். கிடைச்சா ஒரு முழுக் கல்வெட்டு கிடைக்கும். கிடைக்கலேன்னா அந்த நிலம் எங்க இருந்துச்சுன்னே தெரியாமப் போகும்.

நம்ம பக்கத்து உதாரணம் ஒண்ணு சொல்லணும். பிரான்மலை. சிங்கம்புணரியில இருந்து வடக்கே நிமிர்ந்து பார்த்தா தெரியுற மலை. பாரியோட பறம்புன்னு நாம சொல்றது. தேவாரத்துல திருக்கொடுங்குன்றம். அந்தக் கோயில்ல ஒரு வணிகக் குழுக் கல்வெட்டு இருக்கு. திசையாயிரத்து ஐநூற்றுவர்னு பேர் பெற்ற பெரிய வணிகர் கூட்டமும் அவங்களோட சேர்ந்த பல ஊர் வணிகர்களும் கூடி, தங்களோட சரக்குக்கு இவ்வளவுன்னு மகமை வெச்சுக் கோயிலுக்கு எழுதிக் கொடுத்தது. 13-ம் நூற்றாண்டை ஒட்டினது. அதுல வர்ற சரக்குப் பட்டியலைப் பாருங்க. உப்பு, நெல், பாக்கு, மிளகு, மஞ்சள், சுக்கு, கடுகு, சீரகம், இரும்பு, பருத்தி, நூல், புடவை, மெழுகு, தேன், சந்தனம், பட்டு, குதிரை, யானை. இந்த வறண்ட சீமையில! மழை பொய்க்கிற நம்ம ஊர் வழியா யானையும் பட்டும் போயிருக்கு. கப்பல் ஏறுறதுக்கு முன்னாடியே இந்த மண்ணுல பெரிய வியாபாரம் நடந்திருக்குங்கிறதுக்கு அந்தச் சுவர்தான் சாட்சி. அந்தப் பட்டியல்ல நடுவுல ஒரே ஒரு கல்லைப் புரட்டிப் போட்டிருந்தா, பாதிச் சரக்கு வரலாற்றுல இருந்தே காணாமப் போயிருக்கும். யாரும் புரட்டலை. அது நம்ம அதிர்ஷ்டம்.

பிரிக்கவே கூடாதா, மாத்தவே கூடாதான்னு கேட்பீங்க. அப்படி இல்லை. பிரிச்சு நகர்த்தினதுல சிறப்பாச் செஞ்ச உதாரணங்களும் இருக்கு. எகிப்துல அபு சிம்பெல். அஸ்வான் அணை நீர்ல மூழ்கப் போற கோயிலை 1964-ல இருந்து 1968-க்குள்ள ஆயிரத்துக்கும் மேற்பட்ட கட்டிகளா அறுத்து, ஒவ்வொண்ணுக்கும் எண் போட்டு, 65 மீட்டர் மேல தூக்கி வெச்சாங்க. வருஷத்துல ரெண்டு தடவை சூரிய ஒளி கருவறைக்குள்ள விழும், அந்தத் திசைகூட மாறாம வெச்சாங்க. நம்ம நாட்டுலயே ஸ்ரீசைலம் அணைக்காகக் கூடவெல்லி சங்கமேஸ்வரர் கோயிலைக் கல் கல்லாப் பிரிச்சு ஆலம்பூருக்குக் கொண்டுபோய் வெச்சிருக்காங்க. செய்யணும்னு நினைச்சா முடியும்.

முடியாமப் போறது எங்கன்னா, நம்ம ஊர்த் திருப்பணியில. குடமுழுக்குக்குத் தேதி குறிச்சாச்சு, நன்கொடை வந்தாச்சு, ஸ்தபதி வந்தாச்சு, அவசரம். அந்த அவசரத்துல நடக்குறது மூணு. பழைய சுண்ணாம்புக் காரைச் சுவர்ல சிமெண்ட் பூசுறது. சுண்ணாம்பு மூச்சு விடும், உள்ளே போன ஈரம் வெளியே வரும். சிமெண்ட் அடைச்சுடும். ஈரம் உள்ளேயே நின்னு பழைய செங்கல்லை உப்பு பூக்க வெச்சு உதிர்த்துடும். பலமான பொருளைப் போட்டா பலம்னு நினைக்கிறோம், அங்கதான் தப்பு. ரெண்டாவது, மணலைக் காத்து அழுத்தத்துல பீய்ச்சிக் கல்லைச் சுத்தம் பண்றது. ஆயிரம் வருஷ எழுத்து அரை மணி நேரத்துல மழுங்கிடும். கல் எடுக்கலை, திருப்பலை, எல்லாம் அதே இடத்துல இருக்கு. ஆனா எழுத்து இல்லை. மூணாவது, தரையை உயர்த்தி கிரானைட் பதிக்கிறது. அதிட்டானத்தோட கீழ் வரிசை தரைக்குள்ள போயிடும், அதுல இருக்கிற வரிகளோட சேர்த்து.

இது கோயில் நிர்வாகத்தை மட்டும் சொல்ற பேச்சு இல்லை. 2017-ல யுனெஸ்கோ குழு ஒண்ணு தமிழ்நாட்டுக் கோயில் திருப்பணிகளைப் பார்த்துட்டு, குறைகளை எழுதி சென்னை உயர் நீதிமன்றத்துல அறிக்கை கொடுத்துச்சு. அதுக்கப்புறம் விதிமுறைகள், குழுக்கள், அனுமதிகள்னு கொஞ்சம் இறுக்கம் வந்திருக்கு. ஆனா துறைக் கணக்குல இல்லாத, ஊர்க்காரங்களே நடத்துற சின்னக் கோயில்கள் ஏராளம். அங்க முடிவெடுக்கிறது நீங்களும் நானும் உக்கார்ந்திருக்கிற கமிட்டிதான்.

உங்க ஊர்ல திருப்பணி வருதுன்னா, பாலாலயம் பண்றதுக்கு முன்னாடியே, சாரம் கட்டுறதுக்கு முன்னாடியே ஒரு நாள் ஒதுக்குங்க. காலையில, இல்லேன்னா சாயங்காலம், வெயில் சாய்வா விழுற நேரத்துல போங்க. எழுத்துப் பள்ளத்துல நிழல் விழுந்தாத்தான் படம் தெளிவா வரும். ஒரு சுவருக்குத் தென்கிழக்கு மூலையில தொடங்கி, ஒவ்வொரு கல்லையும் வரிசை விடாம எடுங்க. ஒரு கல்லோட படத்துல பக்கத்துக் கல்லோட விளிம்பும் கொஞ்சம் விழணும். தனித்தனியா நூறு கல் படம் எடுத்தா, நான் மேல சொன்ன துப்பறியும் வேலையை நாமளே புதுசா உண்டாக்கின மாதிரி ஆயிடும். படத்துல ஒரு அடிக்கோலையும் வைங்க, உயரம் தெரியட்டும். படிக்கட்டு, குளத்துக்கரை, துணி துவைக்கிற கல், இதையும் விட்டுடாதீங்க. பிரிக்கிறதுதான்னு முடிவாச்சுன்னா, வரிசை எண்ணும் கல் எண்ணும் போட்டு, மேல் பக்கம் எதுன்னு ஒரு அம்புக்குறியும் போடச் சொல்லுங்க. எழுத்து மேல போட வேண்டாம், பக்கவாட்டுல போடட்டும். தொல்லியல் துறை மாவட்ட அலுவலகத்துக்கு ஒரு கடிதம். எழுத்து புரியலைன்னாலும் பரவாயில்லை, படம் எடுக்கிறதுக்குப் படிக்கத் தெரிய வேண்டியதில்லை.

அடுத்த எபிசோட்ல பிரான்மலைக் கல்வெட்டுல வர்ற சரக்குகளை எடுத்துக்கிட்டு, எது எந்தத் துறைமுகத்துல இருந்து வந்திருக்கும், எந்தப் பாதையில மலையடிவாரம் வந்திருக்கும்னு ஒவ்வொண்ணாப் பார்ப்போம். உப்புல இருந்து தொடங்குறேன்.